84-இல் கல்யாணம், 2001-இல் அப்பா காலமானார்: பூர்வீக நிலத்தில் மகளுக்கு எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 62. ஈரோடு மாவட்டம். 1984-இல் கல்யாணம். பிறந்த வீட்டில் ஒரு அண்ணன், ஒரு தம்பி, ஒரு தங்கை. அப்பா 2001-இலும் அம்மா 2012-இலும் காலமானார்கள். இருவருமே உயில் எழுதவில்லை. தாத்தாவுக்கு அப்பா ஒரே மகன். தாத்தா 1952-இல் இறந்தபோது வந்த நிலம் 6 ஏக்கர். 1974-இல் அப்பா தன் பேரில் 2 ஏக்கர் கிரையம் வாங்கினார். ஊரில் அவர் கட்டிய ஓட்டு வீடும் இருக்கிறது. 1998-இல் பெரியவர்கள் முன்னிலையில் கூர்ச்சீட்டு எழுதி எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது என்கிறார்கள் சகோதரர்கள். பட்டா அவர்கள் பேரில்தான். பூர்வீகத்தில் ஒன்றரை ஏக்கரை அண்ணன் 2008-இல் வெளியாளுக்கு விற்றுவிட்டார். தங்கை 2006-இல் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். 2016 பொங்கலுக்கு நான் பங்கு கேட்டபோது, “89-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவளுக்குப் பங்கே கிடையாது, 30 பவுன் போட்டாச்சு” என்றார்கள். அப்போது கேட்ட வக்கீலும், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, அதனால் பங்கு இல்லை என்றார். இப்போது எல்லோரும் தீர்ப்பு மாறிவிட்டது என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்:

வணக்கம் அம்மா. உங்களுக்குச் சொல்லப்பட்டவை முழுப் பொய் அல்ல. பெரும்பாலும் ஏதோ ஒரு காலத்துச் சட்டத்திலிருந்து வந்தவைதான். இன்றைய நிலையில் அவை உங்கள் வழியை அடைக்கவில்லை. ஆனால் “ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு, அவ்வளவுதான்” என்று வாட்ஸ்அப்பில் வருவதை மட்டும் நம்பி வழக்குப் போட்டாலும் அடிபடுவீர்கள். உங்கள் வழக்கு உண்மையில் நிற்கப்போவது அந்த 1998 கூர்ச்சீட்டின், அதாவது பதிவு செய்யாமல் எழுதிக்கொண்ட பாகப் பட்டியலின் மேல். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கல்யாணக் கணக்கு. தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 29-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மகளையும் மகனைப் போலப் பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தின் பங்காளி ஆக்கியது. 1989 மார்ச் 25 முதல் அது அமல். அதே பிரிவில், அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான மகள்களுக்கு இது பொருந்தாது என்ற விலக்கும் இருந்தது. உங்கள் சகோதரர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் நாடு முழுக்க அமலுக்கு வந்தது. அதில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதமே இல்லை. பின்னால் வந்த மத்தியச் சட்டத்துக்கு முன் மாநிலத் திருத்தத்தின் விலக்கு நிற்காது. ஆகவே 1984 கல்யாணம் உங்களுக்குத் தடை இல்லை.

அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2015 அக்டோபரில் பிரகாஷ் – பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், 2005 செப்டம்பர் 9 அன்று அப்பாவும் மகளும் இருவருமே உயிரோடு இருந்தால்தான் புதிய உரிமை என்றார்கள். உங்கள் வக்கீல் 2016-இல் சொன்னது, பிறப்பால் வரும் பங்கைப் பொறுத்தவரை, அன்றைய நிலவரப்படி சரிதான். 2018 பிப்ரவரியில் தனம்மா வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001-இல் அப்பா இறந்த குடும்பத்திலேயே மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தார்கள். இரண்டுமே இரு நீதிபதி அமர்வு. கீழ் நீதிமன்றங்கள் எதைப் பின்பற்றுவது என்று தடுமாறின. அதைத் தீர்க்கத்தான் மூன்று நீதிபதி அமர்வு உட்கார்ந்து, 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா – ராகேஷ் சர்மா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதன் சாரம்: பூர்வீகத்தில் மகளின் பங்கு அப்பாவிடமிருந்து வாரிசாக இறங்கி வருவது அல்ல, பிறப்பாலேயே வருவது. எனவே 2005-இல் அப்பா இருந்தாரா, இல்லையா என்ற கேள்வியே எழாது. மகள் உயிரோடு இருந்தால் போதும். பூலாவதி தீர்ப்பு ரத்து.

கூடவே ஒரு எச்சரிக்கை. அருணாச்சல கவுண்டர் – பொன்னுசாமி என்ற 2022 ஜனவரித் தீர்ப்பையும் உங்களுக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு என்பதால் இங்கே அதிகம் சுற்றுகிறது. அது 1956-க்கு முன்பே இறந்துபோன ஒருவரின் சொந்தச் சம்பாத்தியம் அவருடைய ஒரே மகளுக்குப் போகுமா, சகோதரன் பிள்ளைகளுக்குப் போகுமா என்பதைப் பற்றியது. மகளுக்குத்தான் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு, ஆனால் உங்கள் விஷயம் அதுவல்ல.

இனி சொத்துக்கு வருவோம். “எங்கள் சொத்து” என்று மொத்தமாகப் பேசுவதை முதலில் விட்டுவிடுங்கள். மூன்று சொத்துக்கும் மூன்று கணக்கு.

தாத்தா வழி 6 ஏக்கர்: தாத்தா இறந்தது 1952. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956 ஜூன் 17. அந்தத் தேதிக்கு முன்பே அப்பா கைக்கு வந்துவிட்டதால் இது பூர்வீகம். இது சின்ன விஷயம் இல்லை. தாத்தா 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்தாகவே கருதப்பட்டிருக்கும். உச்ச நீதிமன்றம் 1986-இல் சந்தர் சென் வழக்கிலேயே இதைச் சொல்லிவிட்டது. “தாத்தா சொத்து என்றாலே பேரப்பிள்ளைக்குப் பங்கு” என்று ஊரில் பேசுவது பாதிதான் சரி. எனவே தாத்தா இறந்த ஆண்டுக்கு ஆதாரம் தேடுங்கள். இறப்புப் பதிவு கிடைக்காவிட்டால், அப்பா 1952-க்குப் பிறகு எழுதிய அடமானப் பத்திரம் எதிலாவது “என் தகப்பனார் காலமான பின்” என்ற வரி இருக்கலாம்.

பங்கைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய சட்டப்படி பூர்வீகத்துக்குப் பங்காளிகள் அப்பா, அண்ணன், தம்பி மூவர். ஆளுக்கு 1/3. அப்பாவின் 1/3 அம்மாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும், அதாவது ஆளுக்கு 1/15. அம்மாவின் 1/15 அவருக்குப் பின் நால்வருக்கும், ஆளுக்கு 1/60. ஆக உங்களுக்கு 1/15-உம் 1/60-உம் சேர்த்து 1/12. 6 ஏக்கரில் 50 சென்ட்.

புதிய சட்டப்படி பங்காளிகள் ஐவர்: அப்பா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். நம் பக்க வழக்கில் பூர்வீகப் பாகத்தில் தாய்க்குத் தனிப் பங்கு கிடையாது, அப்பா பங்கில் வாரிசாகத்தான் வருவார். ஆளுக்கு 1/5. அப்பாவின் 1/5-இல் உங்களுக்கு 1/25. அம்மா வழியில் 1/100. மூன்றையும் கூட்டினால் 25/100, அதாவது 1/4. ஒன்றரை ஏக்கர்.

50 சென்ட்டுக்கும் ஒன்றரை ஏக்கருக்கும் இடையில்தான் 2005 திருத்தம் இருக்கிறது. கவனியுங்கள், பழைய சட்டத்திலும் உங்கள் பங்கு பூஜ்யம் இல்லை. அப்பா பங்கில் வாரிசாகும் உரிமை 1956 முதலே மகளுக்கு உண்டு. “பங்கே கிடையாது” என்ற வாதம், கூர்ச்சீட்டை ஒதுக்கி வைத்துப் பார்த்தால், எந்தச் சட்டத்திலும் நிற்காது.

1974-இல் வாங்கிய 2 ஏக்கர், வீடு: அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம் என்றால், உயில் இல்லாததால் அம்மா, நான்கு பிள்ளைகள் என ஐந்து சம பங்கு. அம்மாவுக்குப் பின் நால்வருக்கும் 1/4. இதற்கு 2005-ஐத் தேட வேண்டியதே இல்லை. சகோதரர்கள் தரப்பில் “பூர்வீக வருமானத்தில் வாங்கியது, அதுவும் பொதுச் சொத்துதான், அதுவும் கூர்ச்சீட்டில் பிரிந்துவிட்டது” என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்தான், 1974-இல் அந்தப் பூர்வீக நிலத்திலிருந்து செலவு போக மிச்சம் விழுந்தது, அதில்தான் கிரையத் தொகை கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். வாய்க்கால் பாசனமா, மானாவாரியா, அப்பாவுக்கு வேறு தொழில் இருந்ததா என்பதெல்லாம் அங்கே விசாரணைக்கு வரும். பிராதில் (வழக்கு மனுவில்) “சொந்தச் சம்பாத்தியம்” என்று முதன்மையாகவும், “அது பொதுச் சொத்து என்று முடிவானாலும் எனக்கு 1/4” என்று மாற்று வாதமாகவும் எழுதச் சொல்லுங்கள். வீட்டைப் பொறுத்தவரை, ஆண்கள் பிரிக்கச் சம்மதிக்கும் வரை மகள் குடியிருப்பு வீட்டில் பாகம் கேட்கக் கூடாது என்று முன்பு 23-ஆம் பிரிவு இருந்தது. 2005-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஓட்டு வீட்டை நாலாக வெட்ட முடியாது என்பதால் பெரும்பாலும் மதிப்புப் போட்டுப் பணமாகத்தான் முடியும்.

இனி கூர்ச்சீட்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த கிரையம், பாகப்பிரிவினை, உயில் எதையும் 2005 திருத்தம் தொடாது. உங்கள் சகோதரர்களின் முழு பலமும் இந்த வரிதான். ஆனால் எது பாகப்பிரிவினை என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது: பதிவு செய்யப்பட்ட பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. வினீதா சர்மா தீர்ப்பும் இதையே வலியுறுத்தி, வாய்மொழிப் பாகம் என்ற வாதத்தைச் சுலபமாக ஏற்கக் கூடாது என்றது. மகளை ஏமாற்றப் பின்தேதியிட்டு எழுதுவது எளிது என்பதே காரணம். கதவை முழுதாக மூடிவிடவும் இல்லை. அரிதான வழக்கில், அரசு ஆவணங்களே பாகம் உண்மையில் நடந்ததைத் தெளிவாகக் காட்டினால் ஏற்கலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. சகோதரர்கள் அந்தச் சந்தில்தான் நுழையப் பார்ப்பார்கள்: தனித்தனிப் பட்டா, தனித்தனிக் கிஸ்து (நிலவரி) ரசீது, தனித்தனி மின் இணைப்பு, கூட்டுறவு வங்கிக் கடன்.

எனவே வழக்குக்கு முன்பே நீங்கள் தேட வேண்டியது, அந்த அரசு ஆவணங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை.

முதலாவது, அண்ணனின் 2008 கிரையப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். சொத்து விவரம் கடைசியில் வரும், அதை அப்புறம் பார்க்கலாம். முதல் இரண்டு பக்கத்தில், இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்று விற்பவர் சொல்லும் பாத்தியதை வரியைத்தான் படிக்க வேண்டும். “1998-இல் ஏற்பட்ட பாகப்பிரிவினைப்படி எனக்குப் பாத்தியப்பட்டு” என்று இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் சிரமம். “என் தகப்பனார் 2001-இல் காலமானபின் வாரிசு முறையில் எனக்குப் பாத்தியப்பட்டு” என்று இருந்தால், 1998-இல் பிரித்த சொத்து 2001-இல் எப்படி வாரிசு முறையில் வரும்? அண்ணனே கையெழுத்துப் போட்ட அந்த ஒரு வரி, பத்து சாட்சிகளைவிட உங்களுக்கு உதவும்.

இரண்டாவது, பட்டா மாறுதல் கோப்பு. எந்த ஆண்டு, எந்த மனுவின் மேல், எந்த ஆவணத்தைப் பார்த்துப் பட்டா மாற்றினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தாசில்தார் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பட்டா மாறியது 2002-இல், இணைத்தது அப்பாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் என்று பதில் வந்தால் கூர்ச்சீட்டு மிகவும் பலவீனமாகிவிடும். அந்த வாரிசுச் சான்றின் நகலையும் சேர்த்தே கேளுங்கள். அதில் மகள்கள் பெயர் விடுபட்டிருந்தால் அதுவும் உங்களுக்கு ஓர் ஆதாரம். பட்டா இன்று அவர்கள் பேரில் இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். பட்டா வரி கட்டுவதற்கான வருவாய்த்துறைப் பதிவு, அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது.

மூன்றாவது, வில்லங்கச் சான்று. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக, எவ்வளவு பின்னோக்கிப் போக முடியுமோ அவ்வளவு. பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். நில அளவைத் திருத்தத்தில் எண்கள் மாறியிருக்கும், ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அ-பதிவேட்டை (கிராம நிலப் பதிவேட்டை) பார்த்துப் பொருத்திவிட்டுத் தேடுங்கள். இதில் தப்பினால், இருக்கும் அடமானமே இல்லாதது போலத் தெரியும்.

கூர்ச்சீட்டின் நகல் கிடைத்தால் அப்பாவுக்கு என்ன ஒதுக்கப்பட்டது என்று பாருங்கள். ஒருவேளை நீதிமன்றம் அந்தப் பாகத்தையே ஏற்றுக்கொண்டாலும், அப்பாவுக்கு ஒதுங்கிய பகுதி 2001-இல் உங்கள் ஐவருக்கும்தான் போயிருக்க வேண்டும்.

விற்ற ஒன்றரை ஏக்கருக்கு வருகிறேன். அண்ணன் தன் பங்கைத்தான் விற்க முடியும், உங்கள் பங்கை விற்க முடியாது. அதற்காக அந்தக் கிரையத்தை உடைக்கவே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தங்கையின் பத்திரம் சகோதரர் இருவருக்கும் சரிபாதியாக எழுதப்பட்டிருந்தால், அவள் பங்கையும் சேர்த்துப் பூர்வீகத்தில் அண்ணனுக்கு 2 ஏக்கருக்கு மேல் வரும். விற்றது அதற்குள் அடங்குகிறது. விற்ற பகுதியை அண்ணன் பங்கிலேயே கழித்துவிட்டு, மீதி நிலத்தில் உங்கள் ஒன்றரை ஏக்கரை ஒதுக்கக் கேளுங்கள். நீதிமன்றமும் முடிந்தவரை இப்படித்தான் செய்யும். வாங்கியவரோடு சண்டையும் குறையும், அவர் “12 வருஷத்துக்கு மேல் என் அனுபவம்” என்று கிளப்பும் வாதமும் உங்களைத் தொடாது. ஆனால் வழக்கில் அவரைப் பிரதிவாதியாகச் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். தங்கையையும் சேர்க்க வேண்டும், அவள் விடுதலை எழுதிக் கொடுத்திருந்தாலும். பாக வழக்குகள் பலவும் தோற்பதும் திரும்புவதும், ஒரு பங்காளியை விட்டதாலோ ஒரு சர்வே எண்ணை விட்டதாலோதான். தங்கையின் பத்திரம் உங்கள் 1/4-ஐ ஒரு சென்ட்கூடக் குறைக்காது. 30 பவுனும் அப்படியே: கல்யாணத்துக்குப் போட்ட நகை, நீங்கள் எழுதிக் கொடுக்காத வரை பங்குக்கு ஈடாகாது. பட்டா மாற்றத்துக்கு, கடனுக்கு என்று சொல்லி எப்போதாவது பதிவு அலுவலகத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கியதுண்டா என்று மட்டும் நன்றாக யோசித்துப் பாருங்கள். உண்டு என்றால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்குக் காலவரம்பு, விவரம் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டுதான்.

உங்கள் கடிதத்தில் என்னை அவசரப்படுத்துவது 2016 பொங்கல். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், விலக்கப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தப் பொங்கலன்று முகத்துக்கு நேரே மறுத்தார்கள் என்றால் 2028 ஜனவரி கெடு. எதிர்த்தரப்பு, பட்டா மாறியபோதே உங்களுக்குத் தெரியும் என்று இன்னும் பின்னால் இழுக்கும். அதனால் கெடு வரை காத்திருக்க வேண்டாம். ஆவணங்கள் கைக்கு வந்ததும் போட்டுவிடுங்கள்.

நீதிமன்றக் கட்டணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவு. கூட்டு அனுபவத்தில் இருக்கிறேன் என்று பிராது சொன்னால் சொற்பமான நிலையான கட்டணம். என்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று சொன்னால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பங்கு 60 லட்சம் என்றால் 1,80,000 ரூபாய். கோபத்தில் “ஒரு தேங்காய்கூடத் தராமல் விரட்டிவிட்டார்கள்” என்று எழுதிவிட்டுப் பிறகு கட்டணத்துக்கு அலைபவர்கள் நிறைய. ஒரு கூட்டுரிமையாளரின் அனுபவம் எல்லாருக்குமான அனுபவம் என்பதே சட்டத்தின் தொடக்க நிலை. நீலாவதி – நடராஜன் என்ற தமிழ்நாட்டு வழக்கில் 1980-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. வருஷா வருஷம் மஞ்சளோ தேங்காயோ அரிசியோ வந்துகொண்டிருந்தால், நோம்பிக்கு அந்த வீட்டில் தங்குகிறீர்கள் என்றால், அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். சிறிதாகத் தோன்றும், கட்டணத்துக்கும் காலவரம்புக்கும் அதுதான் பேசும்.

வக்கீல் நோட்டீஸ் கட்டாயம் இல்லை. நோட்டீஸ் போனதும் மீதி நிலத்தைக் கிரையமோ தானசெட்டில்மெண்டோ செய்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், நகல்களை எல்லாம் வாங்கி முடித்து, நேரே பாக வழக்கும் கூடவே இடைக்காலத் தடை மனுவும் போடலாம். வழக்கு நடக்கும்போது வாங்குபவர் யாராக இருந்தாலும் தீர்ப்பு அவரையும் கட்டும். ஆனாலும் தடை உத்தரவு கையில் இருந்தால் அலைச்சல் குறைவு.

பேசி முடிக்க வாய்ப்பிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும், உதவி எண் 15100. உடன்பாடு வந்தால் வெள்ளைத்தாளில் நிறுத்தாமல், பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பாகத்துக்கு 40,000 ரூபாய்க்கு மேல் போகாது.

வழக்கென்றால், முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. உங்களுக்கு 1/4 என்று அது சொல்லும், எந்த 1/4 என்று சொல்லாது. இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டு, நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் நில அளவையரோடு வந்து வரப்பு குறித்து, அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்று, முத்திரைத்தாளில் இறுதி ஆணை எழுதிய பிறகுதான் நிலம் கைக்கு வரும். முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பிறகு விசாரணை நீதிமன்றமே வழக்கை இறுதிநிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், முதல் தீர்ப்பு வந்த அன்றே அடுத்த மனுவுக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.